இரண்டாவது சனிக்கிழமை

ஒக்டோபர் பிறந்தால் போதும், நமது வாட்ஸப் குழுவில் இலை கொட்டத் தொடங்கிவிடும். பூங்காவில் எடுத்த படங்களாகப் போட்டுத் தள்ளுவீர்கள். மஞ்சள் இலை, சிவப்பு இலை, இலைக் குவியலுக்குள் குதிக்கும் பிள்ளை. சின்ன வயதில் நாங்கள் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம் என்று கீழே யாராவது எழுதுவார். உடனே வரிசையாக இதயங்கள் வரும். நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன். வருடக்கணக்காக அப்படித்தான் செய்தேன். இந்த வருடம் முடியவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. சந்தோசமாக இருந்தோமாம். யார் இருந்தது?

கோபிக்காதீர்கள், உங்களோடு சண்டைக்கு வரவில்லை. நீங்களும் நானும் ஒரே மாதிரி வந்தவர்கள்தான். ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஹீத்ரோவில் இறங்கி, இங்கேயே பல் விழுந்து முளைத்து, இப்போது ஐம்பதை எட்டிப் பார்க்கிறோம். நான் பார்மசிஸ்ட் என்பதால் முழங்கால் வலிக்கு எந்தக் குளிசை நல்லது என்று என்னிடம் கேட்கிறீர்கள். நானும் சொல்கிறேன். இன்றைக்கு நான் சொல்வதை நீங்கள் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்தது. தம்பிக்கு இரண்டு. லண்டனில் நோர்பரியில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த சகோதரி. எங்களுக்கு முன்பே வந்து, பெரியப்பாவும் அவருமாக உழைத்து வாங்கிய வீடு அது. மேல்மாடியில் முன் அறை எங்களுக்கு. அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பேர், எல்லோரும் அதற்குள்தான். பக்கத்து அறை பெரியம்மாவின் மகனுடையது. அவர் வெளியூரில் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கட்டில், மேசை, மேசை விளக்கு எல்லாம் அப்படியே இருக்க, அந்த அறைக் கதவு எப்போதும் மூடியிருக்கும். அவர் கிறிஸ்மஸுக்கு வருவாராம், அதனால் அறை அப்படியே இருக்க வேண்டுமாம். அந்த வீட்டில் எங்களை யாரும் போகச் சொல்லவில்லை, அது உண்மை. போகச் சொல்லலாம் என்பதை நாங்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் உண்மை.

இலையுதிர்காலம் என்றதும் எனக்கு முதலில் வருவது கோட்டு மணம்தான். மீன் பொரிப்பதற்கு முன்னால் எல்லோருடைய கோட்டுகளையும் சுருட்டிக்கொண்டு மேலே ஓடுவது என் வேலை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருமுறை மணக்கிறது என்று முறையிட்டதிலிருந்து யன்னலும் திறப்பதில்லை. நான் என்னதான் ஓடினாலும் மறுநாள் வகுப்பில் கோட்டைக் கழற்றும்போது சூடை மீன் மணக்கும். பக்கத்தில் இருப்பவள் மூக்கைப் பொத்துவாள். ரேடியேற்றரில் எங்கள் காலுறைகளும் தம்பியின் நப்பித் துணிகளும் காயும். சுவரின் மூலையில் பூஞ்சணம் கறுப்புப் பொட்டுகளாகப் பிடித்திருக்கும். அக்கா அந்தப் பொட்டுகளைப் பென்சிலால் இணைத்து ஒரு ஆட்டுக்குட்டி வரைந்தாள், அதற்கு அம்மாவிடம் அடியும் வாங்கினாள்.

பள்ளியிலிருந்து வரும் வழியில் தேவாலயத்து மதிலோரம் ஒரு பெரிய செஸ்நட் மரம். அதன் காய்களைத்தான் இங்கத்தைப் பிள்ளைகள் நூலில் கோர்த்து அடித்து விளையாடுவார்கள். அக்கா இரண்டு பை நிறையப் பொறுக்குவாள், விளையாட அல்ல. நடந்துகொண்டே என்னைக் கேள்வி கேட்பாள். ஏழு காயை மூன்று பேருக்குப் பிரித்தால் எத்தனை மிச்சம், அந்த மிச்சத்தைப் பாதியாக வெட்டினால் ஒருவருக்கு எவ்வளவு. நான் சரியாகச் சொன்னால் ஒரு காய் என் பைக்குள் வரும். புதுசாகத் தோலுரித்த காய், வழவழவென்று, தேய்த்து மினுக்கிய சப்பாத்து போல இருக்கும். இரண்டு நாளில் மங்கிவிடும்.

அந்த வருடம் அக்கா, சோதனையில் தேறினால் மட்டும் சேர்க்கிற ஒரு கிராமர் ஸ்கூலுக்குச் சோதனை எழுத இருந்தாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது அந்தப் பள்ளி. நம்முடைய ஆட்களுக்கு அப்போது இந்தச் சோதனை பற்றி அவ்வளவாகத் தெரியாது. அக்காவின் வகுப்பு ரீச்சர்தான் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கு ஆங்கிலம் போதாது, அக்காதான் மொழிபெயர்த்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருடம் படிப்பித்ததில் இப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் காணவில்லை, இவள் கட்டாயம் எழுத வேண்டும் என்று ரீச்சர் இரண்டு நிமிடம் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எழுதிப் பாக்கலாமாம்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் மிச்சத்தை நான்தான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பெற்றோல் ஸ்ரேஷன் சீருடையோடு, கண் கலங்கி, அக்காவின் தலையில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் அக்காவின் இடம் மேலிருந்து நாலாவது படி. அங்கேதான் விளக்கு வெளிச்சம் நேராக விழும். மடியில் தேநீர்த் தட்டு, அதன் மேல் அப்பா எங்கேயோ தேடி வாங்கி வந்த பழைய பயிற்சித் தாள்கள். கீழ்ப்படியில் நான், கையில் குசினி மணிக்கூடு. தக்காளி உருவத்தில் இருக்கும், முறுக்கிவிட்டால் நேரம் முடிந்ததும் கிணுகிணுக்கும். அது அடிப்பதற்கு முன்னால் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். ஒரு நாளாவது அது அவளை முந்தியதில்லை.

சோதனை ஒரு சனிக்கிழமை. அந்த வாரம்தான் நவராத்திரி முடிந்தது. செவ்வாய் பின்னேரம் சரஸ்வதி பூசை. புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால் அடுத்த நாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை ஒருவரும் படிக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், நமக்கெல்லாம் அது வருடத்தின் மிகச் சிறந்த நாள். பெரியம்மாவின் சாப்பாட்டு அறையில் புகைபோக்கிக்குப் பக்கத்துச் சுவருக்குள் பதித்த ஒரு அலுமாரிதான் சாமி அலுமாரி. அதற்குப் பூட்டுக் கிடையாது, ஒரு சின்னக் கொளுக்கி மட்டும். அக்கா தன் பயிற்சித் தாள்கள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாள். அந்த அடுக்கின் மேலே அப்பா தன் கையால் சோதனைக்கான அனுமதி அட்டையை வைத்து, அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தார். அக்காவின் பெயரும் இலக்கமும் எழுதிய, உள்ளங்கை அளவு அட்டை அது. சரஸ்வதியின் கண் அதில் படட்டும் என்றார். கடலை அவித்திருந்தார்கள், அவல் குழைத்திருந்தார்கள். தம்பி அவலைச் சட்டை முழுக்கப் பூசிக்கொண்டு படுத்துவிட்டான்.

புதன் காலையில் அக்கா பெரியபிள்ளையானாள்.

குளியலறைக் கதவைத் திறக்க மாட்டேன் என்று உள்ளே நின்று அழுதாள். அம்மா உள்ளே போனார், பிறகு பெரியம்மா போனார், பிறகு பெரியம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. யாருக்கு என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்துப் பயந்துபோய் நின்றேன். அரை மணி நேரத்தில் வீடே மாறிவிட்டது. துடக்கு வீடாம், தீட்டாம். அக்காவுக்கு மட்டுமில்லை, வீட்டில் உள்ள எல்லோருக்கும் துடக்காம். பெரியம்மா சாமி அலுமாரிக் கொளுக்கியைப் போட்டு, அதன் மேல் ஒரு வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்டார். ஐயர் வந்து துடக்குக் கழிக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்றார். மூடியே கிடந்த பக்கத்து அறை அன்றைக்குத் திறந்தது. அக்காவை அதற்குள் விட்டார்கள். தனிப் பாய், தனித் தட்டு, தனிக் கோப்பை. காவலுக்கு இரும்பு வைக்க வேண்டும் என்று தேடினார்கள், வீட்டில் பாக்குவெட்டி இல்லை. பெரியப்பாவின் ஆயுதப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்கள். அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேசையும் விளக்கும் கிடைத்தன. அந்த மேசையில் வைக்க ஒரு தாள் இல்லை.

இந்த இடத்தில் பெரியம்மாவை மட்டும் திட்டிவிட்டுப் போனால் எனக்கு லேசாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு நாளுக்கு வெளியே விடுவதில்லை என்று நின்றவர்தான், ஆனால் வியாழக்கிழமை அப்பா வேலையால் வந்து, படிப்பு விசயம் மச்சாள் என்று ஒரே வார்த்தை சொன்னதும் இறங்கி வந்தார். நம்முடைய ஆட்களுக்குச் சாமிக்கு மேலே ஒரு சாமி உண்டென்றால் அது படிப்புத்தான். பெரியப்பாவின் காரில் போகட்டும், தலையை மூடிக்கொண்டு போகட்டும், ஸ்பானரைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. சடங்கையும் பதினோராம் நாளே செய்வதென்று பேசிக்கொண்டார்கள். அது அடுத்த வாரச் சனிக்கிழமை, ஐயருக்கும் அன்றைக்குத்தான் நேரம் இருந்தது. நான் மாடிக்கு ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்று அக்காவிடம் சொன்னேன். உள்ளே கட்டிலில் துள்ளுகிற சத்தம் கேட்டது.

வெள்ளி பின்னேரம்தான் அப்பாவுக்கு அட்டையின் நினைவு வந்தது.

நாங்கள் எல்லோரும் அந்த அலுமாரிக்கு முன்னால் நின்றோம். அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, அம்மாவின் இடுப்பில் தம்பி, நான். அப்பா சேலையை விலக்கினார், கொளுக்கியில் கை வைத்தார். அவரைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை. பெரியம்மா பின்னால் நின்று மெல்லிய குரலில்தான் சொன்னார். "துடக்கோடை உள்ளுக்கை கை வைச்சால் கூடாது. அது அந்தப் பிள்ளைக்குத்தான் திருப்பி அடிக்கும். சொல்லிப்போட்டன், பிறகு உங்கடை இஷ்டம்." அப்பாவின் கை கொளுக்கியிலேயே நின்றது. ஐயருக்குப் போன் பண்ணினார்கள், லண்டனிலேயே அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய ஐயர்மார்தான், அவர் எங்கேயோ கலியாண வீட்டில். நான் எடுத்துத் தரவா என்று கேட்டேன், அம்மா என் காதைத் திருகினார். கடைசியில் அப்பா கையை எடுத்தார். "சரஸ்வதியைப் பகைச்சுக்கொண்டு போய் அவள் அங்கை என்னத்தை எழுதுறது" என்றார். அட்டை இல்லாமல் உள்ளே விடவும் மாட்டார்கள் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்தப் பள்ளிக்கு ஒரு போன் அடித்துக் கேட்கலாம் என்று நாலு பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துடக்கில்லாத ஒரு கைதான் வேண்டுமென்றால், மீன் மணம் பிடிக்காத அந்தப் பக்கத்து வீட்டு அம்மா இருந்தார். கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் மாட்டிறைச்சி தின்னும் கை சாமி அலுமாரிக்குள் போகுமா? இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை அக்காவுக்குத் தேநீர் கொண்டுபோனேன். கதவை ஒரு சாண் திறந்து கீழே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது கட்டளை. நான் எட்டிப் பார்த்தேன். அக்கா பள்ளிச் சீருடை போட்டு, தலையை இழுத்துப் பின்னி, அந்த வெறும் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் மனம் மாறிக் கூப்பிட்டால் உடனே புறப்படலாம் என்று இருந்திருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் சோற்றோடு போனபோது சீருடையை மடித்துக் கதிரையில் வைத்திருந்தாள். "இப்ப முடிஞ்சிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் என் மகளை இதே மாதிரிச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற தாய் அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார், கைப்பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர் பிள்ளையின் பெயரைக் கேட்டார், பட்டியலில் ஒரு சரி போட்டார், உள்ளே போ என்றார். நான் மகளை அனுப்பிவிட்டு வந்து காருக்குள் இருந்து கத்தினேன். கண்ணாடியெல்லாம் மூடிக்கொண்டு, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக் கத்தினேன்.

ஆனால் முதல் சனிக்கிழமை ஒரு பிழை என்று வைத்துக்கொள்வோம். பயந்தவர்கள் செய்த பிழை. என்னால் மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது.

திங்கட்கிழமை அக்காவின் ரீச்சர் என்னை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டார். அக்கா ஏன் சோதனைக்குப் போகவில்லை என்று கேட்டார். வீட்டில் சொல்லித் தந்தபடி, கடும் காய்ச்சல் என்றேன். என் கண்ணை அவர் பார்த்துவிடக் கூடாதென்று அவரது சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் அந்தப் பள்ளிக்குத் தானே போன் பண்ணிப் பேசியிருக்கிறார். அடுத்த நாள் ஒரு கடிதம் தந்தார். காய்ச்சல், வருத்தம் என்று வராத பிள்ளைகளுக்கு வருகிற சனிக்கிழமை இன்னொரு முறை வைக்கிறார்கள், ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், மறக்காமல் அம்மாவிடம் கொடு என்று என் தோளைப் பிடித்துச் சொன்னார். ஈர இலை வழுக்கி விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டு, கடிதத்தைக் கோட்டுக்குள் பொத்திப் பிடித்தபடி ஓடி வந்தேன்.

அம்மா குசினியில் தனியாக நின்று அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை சடங்குக்குப் பலகாரம். யன்னல் முழுக்க நீர் பூத்திருந்தது, எண்ணெயும் சர்க்கரையும் மணத்தன. நான் கடிதத்தை வாசித்து, தமிழில் சொன்னேன். எந்த நாள் என்று அம்மா இரண்டாம் முறை கேட்டார், சொன்னேன். அடுப்பைக் குறைத்தார், கையைத் துடைத்தார். கடிதத்தை நாலாக மடித்து, கரண்டி லாச்சியை வெளியே இழுத்து, அதற்குள் விரித்திருந்த தாளுக்குக் கீழே செருகினார்.

"அப்பாவிட்டைச் சொல்லாதை. அக்காவிட்டையும் சொல்லாதை" என்றார். "மண்டபம் எடுத்தாச்சு, சனத்துக்கும் சொல்லியாச்சு. இப்பபோய் நாளை மாத்தச் சொல்லிச் சண்டை பிடிச்சுப் பெரியம்மா எங்களை வெளியிலை போகச் சொன்னால், இந்தக் குளிருக்கை உங்கள் மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு எங்கை போறது?"

பிறகு சட்டியிலிருந்து எடுத்த ஒரு அரியதரத்தை ஊதி என் கையில் வைத்தார். சடங்கு முடியும்வரை பலகாரத்தைத் தொடக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை இருந்தது. எனக்கு மட்டும் ஒன்று. விளிம்பு மொறுமொறுவென்று, நடு மெதுவாக, நாக்குச் சுடச்சுட இருந்தது. நான் தின்றேன். முழுவதையும் தின்றேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு தேவாலயத்து மண்டபத்தில் சடங்கு நடந்தது. மழை. வாசலில் எல்லோருடைய காலிலும் இலை ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அக்காவைக் குளிக்க வார்த்து, பெரியம்மாவின் கூறைச் சேலையைச் சுற்றி, அவள் தலைக்குத் தாங்காத ஒரு கொண்டையை வைத்து உயரமான கதிரையில் இருத்தினார்கள். அவள் கால் நிலத்தில் படவில்லை. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள், படம் பிடிக்கிறவர் தாடையை உயர்த்து, சிரி என்றார். அவள் சிரித்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய வட்ட மணிக்கூடு. ஒன்பதரை, பத்து, பதினொன்று என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மேல்சட்டைப் பையில் பூ வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கை கொடுத்தார். அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், ஒருத்திக்கு எட்டு வயது.

ஞாயிற்றுக்கிழமை அலுமாரி திறந்தது. அக்கா தன் தாள்களை எடுத்துக்கொண்டு நேரே நாலாவது படிக்குப் போய், என்னைக் கூப்பிட்டு மேலே இருத்தினாள். தான் கீழ்ப்படியில் இருந்து தக்காளியை முறுக்கினாள். இரண்டு வருடம் அப்படிப் படிப்பித்தாள். வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து அவள் வர நாலு மணியாகும், வந்ததும் வராததுமாக என்னைத்தான் பிடிப்பாள். நான் சோதனை எழுதிய வருடம் சரஸ்வதி பூசைக்கு என் புத்தகம் ஒன்றையும் அப்பா சாமிக்கு வைக்க விடவில்லை. என் அட்டையைத் தன் சேர்ட் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். நான் சித்தியடைந்தேன். பெரியம்மா கேக் வெட்டினார், தங்கச்சிதான் வீட்டுக்குக் கெட்டிக்காரி என்று சொன்னார். அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. தங்கச்சிக்கு மூளை, அக்காவுக்குக் கைப்பக்குவம். அக்கா பதினெட்டு வயதில் வேலைக்குப் போனாள். ஒரு பாடசாலைச் சமையலறையில் தொடங்கி, இன்றைக்கு அந்தச் சமையலறைக்கு அவள்தான் பொறுப்பு. அம்மாவுக்கு வரும் கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் எழுதுகிறாள். அப்பா போய் ஆறு வருடமாகிறது. கடைசி நாள்வரை தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தார், அந்தக் கொளுக்கியைத் திறக்காமல் விட்டது நான்தானே என்று. இன்னொரு சனிக்கிழமை இருந்தது என்று அவருக்கும் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லவில்லை.

இந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு மோர்டனில் அம்மாவின் பிளாட்டில் கூடினோம். தம்பியின் மகள் இப்போது கிராமர் ஸ்கூல் சோதனை எழுதியிருக்கிறாள், பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் குரல் அப்படியே. கதிரையில் சாய்ந்துகொண்டு தம்பியையும் என்னையும் காட்டிச் சொன்னார்: "இந்தக் குடும்பத்திலை படிப்பு உங்கள் ரெண்டு பேருக்கும்தான். மூத்தவளுக்கு ஏறேல்லை. அதுக்கென்ன, அவளுக்குத் தங்கமான மனசு."

எல்லோரும் சிரித்தார்கள். வடைத் தட்டோடு நின்ற அக்காவும் சிரித்தாள். மண்டபத்தில் படம் பிடித்தவருக்குச் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவளை எழுத விட்டீர்களா, எழுத விடாமல் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்று தொடங்கினேன். பழசைக் கிளறாதே பிள்ளை என்றார் அம்மா. அது போதும் எனக்கு. கடிதம், லாச்சி, சனிக்கிழமை, அரியதரம், எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொட்டினேன். நாற்பது வருடக் கோபம் அது, கொட்டும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. இனி அக்கா இவர்களைப் பிடித்து நாலு கேள்வி கேட்பாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"அப்பவே தெரியும்."

"எட்டு வயசிலை சொல்லாமல் விட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீ குழந்தைப்பிள்ளை" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஆனால் பெரியாளாகி, இவை என்னைப் படிப்பு ஏறாத பிள்ளை எண்டு சொல்லச் சொல்ல, இவ்வளவு வருசமும் பக்கத்திலை இருந்து கேட்டனியெல்லோ. அப்பிடித்தானாக்கும் எண்டு நானும் நம்பிப்போட்டன்."

வடைத் தட்டை என் மடியில் வைத்தாள். கொழுவியிலிருந்த கோட்டை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். கீழே கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. மிச்ச வடையை நான்தான் எழுந்து எல்லோருக்கும் கொடுத்தேன்.